பென்சனுக்குப் பிறகு வைத்தியச் செலவு: அக்ரஹாரவா, தனியார் காப்புறுதியா, கைக்காசா?

அப்பா நகரசபையில் வேலை செய்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். மாதம் பத்தாம் திகதி பென்சன் விழுந்ததும் துண்டுச் சீட்டைப் பார்ப்பார். இலங்கையில் அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவுக்குரிய கழிவு கண்ணில் பட்டால், "வெட்டுறாங்கள், வெட்டுறாங்கள், ஒரு சதம் திரும்பி வந்ததில்லை" என்பார். இதை நிறுத்திவிட்டுத் தனியார் காப்புறுதி ஒன்று எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். அம்மாவோ, அந்தக் காசைப் பேசாமல் வங்கியில் போடச் சொன்னார். மூன்றையும் வைத்து ஒழுங்காகப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அக்ரஹார. இதை நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். 2016 ஜனவரி 1க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு முதலில் வழி திறந்தார்கள். அதற்கு முன்பு ஓய்வு பெற்றவர்களையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: சீனி இருக்கிறதா, பிறசர் இருக்கிறதா என்று கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புவதில்லை. 68 வயதில், நெஞ்சு வலி வந்துபோன ஒருவரை வேறு யார் இவ்வளவு குறைந்த காசுக்குச் சேர்ப்பார்கள்? சந்தா பென்சனிலேயே கழிந்துவிடுவதால் கட்ட மறந்து காப்புறுதி முறிந்துபோகும் பயமும் இல்லை.

குறையும் இருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு சத்திரசிகிச்சை செய்தால் வருகிற பில்லுக்கும் அந்த வரம்புக்கும் நடுவில் பெரிய இடைவெளி. மாதாந்தக் கிளினிக்கில் இல்லாத குளிசையை வெளியே வாங்கும் செலவுக்கும் இதை நம்பியிருக்க முடியாது. காசு முதலில் நம் கையால் போகவேண்டும், பிறகுதான் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

திரும்பப் பெறுகிற இடத்தில்தான் நாங்கள் தவறவிட்டோம். அப்பா ஒருமுறை வாட்டில் இருந்தபோது வெளியில் வாங்கச் சொன்ன மருந்துகளின் பில்களைத் துணிப்பை ஒன்றில் போட்டு ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்தோம். கிளினிக் கொப்பி, இசிஜி தாள், எல்லாம் அதற்குள்தான். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் பாமசி பில் மூன்றும் வெள்ளைத் தாளாக இருந்தன. சூட்டுக்கு எழுத்து மறைகிற அந்த வழுவழுப்புத் தாள். திருகோணமலை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! கடைக்காரர் மறுபிரதி தர மறுத்துவிட்டார். இப்போது பில் வாங்கிய அன்றே போட்டோக் கொப்பி எடுத்து, மூலப் பில்லோடு சேர்த்துப் பைலில் வைக்கிறேன். வாட்டை விட்டு வரும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையும் அப்படித்தான். அட்டை இல்லாமல் கோரிக்கை நகராது.

அப்பா "ஒரு சதம் வரவில்லை" என்று சொன்னதில் பாதி எங்கள் பிழை.

தனியார் காப்புறுதியின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். வரம்பு பெரிது. ஒப்பந்தத்தில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் கையில் காசில்லாமலே அனுமதி பெறலாம். ஆனால் பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு ஒட்டித்தான் விற்கிறார்கள், புதிதாகச் சேர வயதெல்லை வைக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவருக்குக் கட்டணம் ஏறும், ஏற்கனவே உள்ள நோய்க்கு விலக்கோ காத்திருப்புக் காலமோ இருக்கும். அப்பாவுக்கு வரக்கூடிய செலவே இருதயத்தால்தான். அதைத் தள்ளிவைத்துவிட்டு மீதிக்குத் தருகிற காப்புறுதியை என்ன செய்வது? இன்னும் ஒன்று: அந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் அநேகமாகக் கொழும்பில்தான். இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஐம்பது வயதில், வேலையில் இருக்கும்போதே தொடங்கினால் இது பெறுமதியானது. ஓய்வுக்குப் பிறகு தொடங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அம்மா சொன்ன கைக்காசு வழியைத்தான் நான் முதலில் குறைவாக எடைபோட்டேன். பிறகு கடந்த வருடத்துச் செலவை ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டினேன். வைத்தியம் பெரும்பாலும் நடந்தது திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில், அது இலவசம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பியபோதும் சிகிச்சைக்குக் காசில்லை. காசு போனது வான் கூலிக்கு, துணைக்கு நின்ற எனக்குச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும், ஆஸ்பத்திரியில் அன்று இல்லாத பரிசோதனைக்கு. எந்தக் காப்புறுதியும் வான் கூலி தராது. தனியாருக்கு மாதம் 10,000 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்தில் 6 இலட்சம், வட்டி இல்லாமலே. அந்தக் காசு கையில் இருந்தால் நள்ளிரவில் யாரிடமும் கடன் கேட்காமல் வான் பிடிக்கலாம்.

ஆனால் இதை மட்டும் நம்பவும் பயம்தான். சேமிப்பு இரண்டு இலட்சத்தில் நிற்கும்போது பைபாஸ் வந்தால்? அப்புறம், வங்கியில் கிடக்கிற காசுக்கு பேத்தியின் கலியாணம், கூரைத் திருத்தம் என்று ஆயிரம் கண் உண்டு.

ஆகவே எங்கள் வீட்டு முடிவு: அக்ரஹாரவை விடுவதில்லை. தனியார் வேண்டாம். அதற்குக் கட்ட நினைத்ததில் பாதியை அம்மாவின் பெயரில் தனிக்கணக்கில் போடுவது. அக்ரஹாரவில் அம்மாவுக்கு என்ன உரித்து என்பதை பிரதேச செயலகத்தின் ஓய்வூதிய உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதை எல்லோரும் கேட்டு வைக்க வேண்டும், பென்சன்காரர் காலமான பிறகு கேட்பதல்ல.

இவ்வளவும் பென்சன் உள்ளவர் கதை. சபைகளில் அமைய, அதாவது தற்காலிக, ஊழியராகவே வருடக்கணக்காகத் தெருக் கூட்டி, நிரந்தர நியமனம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் முதல் வழியான அக்ரஹாரவே இல்லை. சம்பளத்தில் அவர்களின் 8 வீதமும் சபையின் 12 வீதமுமாகச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி ஒரே தடவையில் கைக்கு வரும், பிறகு மாத வருமானம் கிடையாது. நகரத்தைச் சுத்தமாக வைத்தவர்களை இப்படி விட்டிருப்பது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. ஓய்வூதியர் சங்கங்கள் இவர்களுக்காகவும் பேச வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஓர் அக்கா இருக்கிறார். சேமலாப நிதிக் காசு கூரை ஓட்டோடு முடிந்துவிட்டது, இப்போது கண்ணில் வெண்படலம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. படிவத்தை அவரோடு இருந்து நிரப்பினேன். பெயரைக் கையெழுத்தாகப் போடும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, "இதிலையா தம்பி?" என்று கேட்டார். கிளினிக் கடிதம் மட்டும் வரவேண்டியிருக்கிறது. வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுப்போம்.