இருட்டுத் திரையில் ஒரு பொத்தான்: மூன்று அறுவடை பார்த்த அனுபவம்

மன்னார்குடி பக்கம் அறுவடை மிஷின் ஓட்டும் சித்தப்பாவுக்காக ஃப்ளட்டரில் (போன் செயலி செய்ய உதவும் கருவித்தொகுப்பு) ஒரு முன்பதிவுச் செயலி செய்துகொடுத்தேன். புதிதாகத் திறப்பவர்களுக்குத் திரையை இருட்டாக்கி, அழுத்த வேண்டிய இடத்தை மட்டும் வெளிச்சமாகக் காட்ட ஷோகேஸ்வியூ என்ற ஆயத்த நிரல் தொகுப்பை (பேக்கேஜ்) வழிகாட்டியாகச் சேர்த்தேன். இது மூன்றாவது சம்பா அறுவடை.

சேர்ப்பது சுலபம். காட்ட வேண்டிய ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் (பொத்தான் போன்ற திரை உறுப்பு) ஒரு குளோபல்கீ என்ற அடையாளக் குறி, அதன்மேல் ஷோகேஸ் உறை, அவ்வளவுதான். ஆனால் திரை உருவாகத் தொடங்கும்போதே ஓடும் இனிட்ஸ்டேட்டிலேயே வழிகாட்டியை நேராகத் தொடங்கினால் திரை இன்னும் வரையப்பட்டிருக்காது. பொத்தான் எங்கே இருக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்? திரை வரைந்து முடிந்ததும் ஓடும் போஸ்ட் ஃப்ரேம் கால்பேக்கில் வைக்க வேண்டும். இதற்கே எனக்கு ஒரு நாள் போனது.

முதல் தை மாதம்தான் வயிற்றைக் கலக்கியது. நீடாமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "தம்பி, நீங்க காட்டுன இடத்துல அழுத்திட்டேனே, வண்டி ஏன் வரல? கதிர் சாயுது." பார்த்தால் பதிவே இல்லை. அவர் 'பதிவு செய்' பொத்தானை அழுத்தியது உண்மை. ஆனால் அந்தத் தொடுதல் வழிகாட்டியின் அடுத்த படிக்குப் போனதே தவிர, பொத்தானுக்குப் போய்ச் சேரவில்லை. அழுத்தச் சொன்னதும் நான்தான், அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் விட்டதும் நான்தான். ஆன்டார்கெட்கிளிக் (வெளிச்சமான இடத்தைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும்), டிஸ்போஸ்ஆன்டேப் (தொட்டதும் வழிகாட்டியை மூடு) என்ற இரண்டு அமைப்புகளையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஒரே தொடுதலில் பதிவும் நடந்தது, வழிகாட்டியும் மூடியது. நல்லவேளை, சித்தப்பா அன்றைக்கே செயின் வண்டியை (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை மிஷின்) அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

இருட்டுப் பகுதியைத் தட்டினாலும் அடுத்த படிக்குத் தாவும். ஐந்து படிகளை ஐந்தே தட்டில் முடித்துவிட்டு "என்னமோ வந்துச்சு, போயிடுச்சு" என்பார்கள். அந்தத் தட்டலை முடக்கிவிட்டு, படிகளை இரண்டாகக் குறைத்தேன்.

வெட்டிய படிகளில் ஒன்று 'பரப்பளவை ஏக்கரில் போடவும்'. எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் நம்மாட்கள் மா கணக்கில்தான் போட்டார்கள். மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்; வாடகை மூன்று மடங்காகக் காட்டியது. கடைசியில் மா, ஏக்கர் என்று இரண்டு பொத்தான் வைத்தேன். அதற்கு வழிகாட்டியே தேவைப்படவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் போன்களில் தமிழ் விளக்கம் திரைக்கு வெளியே வழிந்தது. சரி, நான்கு சொல்லுக்குமேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம், 'பார்த்தாகிவிட்டது' என்ற குறிப்பு போனில்தான் சேமிக்கப்படுகிறது. இங்கே ஒரு போன் வீட்டுக்கே பொது. பேரன் முதலில் திறந்து 'தவிர்' அழுத்திவிட்டால் தாத்தாவுக்கு வழிகாட்டி வரவே வராது. இரண்டாம் வருடம்தான் மேல் மூலையில் ஒரு கேள்விக்குறி வைத்தேன்; அதை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து காட்டும்.