தெங்வாரில் தமிழ் எழுதினால் மேற்புள்ளி படுத்தும் பாடு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டார்: குடும்பப் பெயரை, டோல்கீன் தம் கதைகளுக்காகப் படைத்த தெங்வார் எழுத்தில் வெள்ளி மோதிரத்தில் பொறிக்க வேண்டும், உயிர்க்குறிகளை எங்கே போடுவது? பெயர் பிள்ளை. மெய்யெழுத்துகளை அவரே சரியாக எழுதி அனுப்பியிருந்தார். சிக்கல் முழுக்க உயிரில்தான். நெடுநாளாகத் தெங்வாரில் தமிழ் எழுதி வருவதால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். இதை உருவாக்கிய டோல்கீன் 1892இல் நம் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டீனில் பிறந்தவர். அந்த மண்ணுறவு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தமிழுக்கு இந்த எழுத்து எப்படி என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இடம். உயிர்க்குறியை எந்த மெய்யின் தலையில் ஏற்றுவது என்பதில் இரண்டு வழக்கு உண்டு. டோல்கீன் படைத்த எல்ஃப் மொழிகளில் ஒன்றான குவென்யாவைப் போலச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும் மொழிக்கு முந்தைய மெய்யின் மேல். இன்னொன்றான சிந்தாரினைப் போல மெய்யில் முடியும் மொழிக்குப் பிந்தைய மெய்யின் மேல். ஆங்கிலத்தை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டாவதைப் பின்பற்றுகிறார்கள். டர்பன் இளையவர்கள் ஆங்கிலத்தில் பழகிவிட்டு வருவதால் கை தானாகப் பிந்தைய மெய்க்கே போகும். தமிழுக்கு அது ஆகாது. நம் உயிர்மெய்யில் மெய் முன்னே, உயிர் பின்னே. 'மணி' என்று முதல் வழக்கில் எழுதியதை இரண்டாம் வழக்குக்காரர் படித்தால் 'அமின்' என்றுதான் வரும். பெயர்ப்பலகையிலும் மோதிரத்திலும் இப்படித்தான் பெயர் கெடுகிறது. 'பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அடையாள அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுதினால் இகரப் புள்ளி லாம்பே என்ற லகர எழுத்தின் மேல் விழும். தமிழ் ஒலிப்பை எழுதினால் அதே புள்ளி பர்மா என்ற பகர எழுத்தின் மேல். எதை எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு பேனாவைத் தொடுங்கள்.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் விஷயம். தெங்வாரில் மேலே ஒற்றைப் புள்ளி வைத்தால் இகரம். தமிழ்க் கண்ணுக்கு மேலே ஒற்றைப் புள்ளி என்றால் உயிரே இல்லை. இரண்டும் நேர் எதிர். பர்மாவின் மேல் புள்ளியைப் பார்த்ததும் மனம் 'ப்' என்கிறது, பிறகு தன்னைத் திருத்திக்கொண்டு 'பி' என்கிறது. இந்த இடறல் பழகப் பழகக் குறையும் என்பார்கள். ஆங்கிலம் எழுதும்போது குறைகிறது, தமிழ் எழுதும்போது குறையவே இல்லை. காரணம், தமிழ்ச் சொல்லின் ஒலி காதில் கேட்டதுமே தமிழ் எழுத்தின் வடிவமும் கூடவே வந்துவிடுகிறது. இதற்கு மேல் அகரத்துக்கு மூன்று புள்ளி! எதுவும் போடாமலே வரவேண்டிய அகரத்துக்கு மூன்று, புள்ளி பெறவேண்டிய மெய்க்கு ஒன்றும் இல்லை.

பாதித் தீர்வு உண்டு. குவென்யாவில் அகரம் மிக அதிகம் என்பதால் அதன் குறியை விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அதைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளலாம்: குறியில்லாத மெய் என்றால் அகரமேறிய மெய். உயிரற்ற மெய்க்குப் புள்ளியை எழுத்தின் கீழே வையுங்கள். ஆங்கில முறையில் கீழ்ப்புள்ளி ஒலிக்காத ஈற்று 'ஈ' எழுத்தைக் குறிக்கும், அதனால் இரண்டு மொழியையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். இரட்டித்த மெய்க்குக் கீழ்க்கோடு போதும், புள்ளி வேண்டாம். பக்கத்தில் மைப்பொட்டுகள் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு நான் செய்வது இகரக் குறியையும் எகரக் குறியையும் மாற்றிக்கொள்வது. சாய்கோடு இகரம், புள்ளி எகரம். சில முறைகளில் அப்படியும் வரும் என்று டோல்கீனே குறித்திருக்கிறார். தமிழில் குற்றெகரம் பெரும்பாலும் சொல்லின் முதலசையோடு நின்றுவிடும், இகரமோ எங்கும் வரும். எனவே கண்ணை இடறும் புள்ளிகள் மிகவும் சொற்பமாகிவிடுகின்றன. போதாததற்குத் தொல்காப்பியமே மெய்யோடு சேர்த்து எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி சொல்கிறது. எகரத்தின் மேல் புள்ளி நமக்கு அந்நியம் அல்ல. குறை ஒன்றுதான்: வெளியில் யாரிடம் காட்டினாலும் 'பிள்ளை'யைப் 'பெள்ளை' என்று படிப்பார்கள்.

ஒகர உகரச் சுருள்களிலும் இதே இழுபறி. பரவலான வழக்கில் வலப்பக்கம் திறந்தது ஒகரம், இடப்பக்கம் திறந்தது உகரம். டோல்கீன் கதையில் வரும் மோதிரத்தின் வாசகத்தில் வலச்சுருளே உகரம், ஏனென்றால் அந்த வாசகத்தின் கறுப்பு மொழியில் ஒகரம் அரிது. தமிழில் சொல்லீற்று உகரம் கொட்டிக் கிடக்கிறது என்றாலும் இதை மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் படிப்பவருக்குத் தாங்காது.

இவ்வளவு குறை சொல்லியும் இதை ஏன் விடவில்லை என்றால், குவென்யா முறையில் ஆன்தோ 'ந்த' ஒலிக்கும், உம்பர் 'ம்ப', ஆங்கா 'ங்க'. தமிழுக்கென்றே செய்ததுபோல மெல்லினமும் வல்லினமும் ஒரே எழுத்தில்! 'தங்கம்' மூன்றே எழுத்து: தகரத்துக்குத் தின்கோ, அடுத்து ஆங்கா, மகரத்துக்குக் கீழ்ப்புள்ளியோடு மல்தா. நெடிலும் அப்படியே. குறியை ஏந்த மட்டுமே இருக்கும் நெட்டைக் கோடான நெடுந்தாங்கி மெய்க்குப் பின்னால் தனியாக நிற்கும், அதன் தலையில் குறி. 'மா' என்று எழுதும்போது துணைக்கால் போட்ட நிறைவு கைக்குக் கிடைக்கிறது. ஐகாரத்துக்கு யன்தா என்ற எழுத்தின் மேல் மூன்று புள்ளி. 'மலை', 'கடை' எல்லாம் ஒரு முழு எழுத்து நீளும், வரி கொஞ்சம் அகலமாகும், அழகுக்குக் குறைவில்லை. சகரத்துக்குச் சில்மே என்ற எழுத்தைத் தலைகீழாக்கிய வடிவத்தையே எடுங்கள். நேர் வடிவத்தின் மேல்வளைவு குறிக்கு இடம் தராது.

கணினியில் இன்னொரு தொல்லை. யூனிகோடில் தெங்வாருக்கு இன்னும் இடம் இல்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குறிக்கும் எழுத்தின் அகலத்துக்கேற்ப நான்கு விசை. அகரத்துக்கு ஷிஃப்டோடு 3, ஈ, டி, சி. நகரத்துக்கான அகன்ற நூமெனுக்கு எண் வரிசை விசை, தின்கோவுக்கு அடுத்த வரிசை, ஒல்லியான தாங்கிக்குக் கடைசி வரிசை. தவறான விசையை அடித்தால் குறி பக்கத்து எழுத்தின் தலைக்கு நழுவும். முந்தையதா பிந்தையதா என்ற குழப்பம் அங்கே மறுபடி பிறக்கிறது. குறியைத் தானே நடுவில் நிறுத்தும் புதிய எழுத்துருக்களில் இந்தத் தொல்லை இல்லை. கையால் எழுதுவோருக்கு ஒன்று: பட்டை நிப்பில் மூன்று புள்ளி ஒட்டிக்கொண்டு கறையாகும், அங்கே கூரை வடிவக் குறி போடுங்கள், அதுவும் அகரமே.

தம்பிக்கு என் பதில்: மோதிரத்தில் தமிழ் எழுத்தையே பொறியுங்கள். நோட்டில் எழுத எனக்கு இதைவிட இனிய எழுத்து வேறில்லை, ஆனால் வெள்ளியில் ஒரு புள்ளி தேய்ந்தால் 'பி' வெறும் 'ப' ஆகிவிடும். தெங்வார்தான் வேண்டுமென்றால் பொதுவழக்கையே பிடியுங்கள்: புள்ளியோடு பர்மா, கீழ்க்கோட்டோடு லாம்பே, மூன்று புள்ளியோடு யன்தா. உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கைக் குறிகளுக்கு ஒதுக்குங்கள். கடைக்கு எழுத்துருக் கோப்பாக அனுப்பாமல் கோட்டுருவப் படமாக்கி அனுப்புங்கள். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பர்மா இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் 'கியூ' வந்து நிற்கும்.