தங்குறதா, கெளம்புறதா?
சிம்மக்கல் டீக்கடையில நேத்து பட்டாளத்து மாமாகூட இதே பேச்சுதேன், அடுத்த நாட்டுக்குப் போன ஆர்மி அங்கிட்டே தங்கணுமா கெளம்பிரணுமான்னு. அவரு தங்கணும்ங்கிற கட்சி. தென்கொரியாவப் பாருடாங்கிறாரு, 1953ல சண்டை நின்னுச்சு, அமெரிக்காக்காரய்ங்க இன்னும் 28,500 பேரு வாக்குல அங்கனதேன் இருக்காய்ங்க, அந்த தைரியத்துலதேன் சாம்சங்கே வளந்துச்சாம் (இது கொஞ்சம் ஓவரு). சரி, மறுபடி பெரிய போர் வரல, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஊரு கவர்மென்ட்டே இருங்கய்யான்னு ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கு.

இலங்கைக்குப் போன நம்ம இந்திய அமைதிப்படை கதை வேற. 1987ல சமாதானம் பண்ணப் போயி புலிகளோடயே சண்டையாகி, சுமார் 1,200 ஜவானுங்க உயிர விட்டு, கடைசில அந்த நாட்டு அதிபர் பிரேமதாசாவே கெளம்புங்கன்னுட்டாரு, 1990 மார்ச்சுல திரும்பியாச்சு. இன்னும் பத்து வருசம் இருந்திருந்தா மட்டும் என்னத்த கிழிச்சிருக்கும்? அமெரிக்காக்காரய்ங்க ஆப்கன்ல 20 வருசம் இருந்தும் 2021ல காபூல் பொசுக்குன்னு தாலிபான் கைக்குப் போச்சே. என் ஓட்டு கெளம்புறதுக்குதேன். மாமா கோவத்துல டீக்காச என் தலையில கட்டிட்டாரு.