தானியங்கிப் பின்கதவுடன் ஏழு ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நானும் என் மனைவியும் கல்யாணம், கருமாதி, கோயில் அன்னதானம் ஆகியவற்றுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். 2018-இல் நாங்கள் வாங்கிய ஏழு இருக்கை வண்டியில், பொத்தானை அழுத்தினால் தானே திறந்து மூடும் பின்கதவு இருந்தது. விற்றவர் அதை ஆடம்பர வசதியாகச் சொன்னார். தோள்மூட்டு இறுகி, வலக்கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத என் மனைவிக்கோ அது அன்றாடத் தேவை. எனவே அந்தக் கதவு முரண்டு பிடித்தபோதெல்லாம் கையால் மூடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட எங்களால் முடியவில்லை.

எங்கள் வண்டியில் கதவின் இரு ஓரங்களிலும் உள்ள தண்டுகளுக்குள்ளேயே மோட்டார், திருகுத்தண்டு, சுருள்வில், கதவு நகர்ந்த தூரத்தைக் கணக்கிடும் ஹால் சென்சார் ஆகியவை அடங்கியிருக்கின்றன. கதவு கீழே வந்ததும் பூட்டிலுள்ள இன்னொரு மோட்டார் அதை இழுத்து இறுக்குகிறது. விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை, விரல் அகப்பட்டால் உணர்ந்து கதவைத் திரும்பத் திறக்க வைக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து வரும் செய்தி சரியில்லை என்று தோன்றினாலே கட்டுப்பாட்டுப் பெட்டி கதவை நிறுத்தி 'பீப்' ஒலி எழுப்பிவிடும். எது கெட்டது என்று மட்டும் அது நமக்குச் சொல்வதில்லை.

முதல் பழுது மூன்றாம் ஆண்டில் வந்தது. காலை வேளைகளில் மட்டும் கதவு பாதியில் நின்றது. காரணம் பேட்டரி. முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12.1 இருந்தது, கதவு நகரத் தொடங்கியதும் அது 10-க்கு இறங்கியது. பேட்டரியை மாற்றிய பிறகும் கதவு அசையாததைக் கண்டு பதறினேன். கையால் ஒருமுறை முழுவதுமாக மூடி, பிறகு பொத்தானால் முழுவதும் திறந்து மூடினால்தான் அது தன் எல்லைகளை மீண்டும் கற்றுக்கொள்ளும் என்பதைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்களை உண்மையிலேயே அலைக்கழித்தது இரண்டாவது பழுதுதான். ஒரு நாள் பூட்டு 'டக்' என்று சத்தம் கொடுக்கும், திறக்காது. மறுநாள் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்யும். சில நாள்களில் கதவு மூடிய கையோடு மறுபடி திறந்துகொள்ளும். ஈப்போவில் ஒரு பெரிய பட்டறையில் ஸ்கேனர் பொருத்திப் பார்த்து, பூட்டு நிலை குறித்த பிழைக்குறியீடு இருப்பதாகச் சொல்லி, கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற 2,600 ரிங்கிட் கேட்டார்கள். பிழைக்குறியீடு எந்தச் சுற்றில் சந்தேகம் என்பதை மட்டுமே சொல்கிறது, எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லாததால் திரும்பி வந்தேன்.

எங்கள் ஊரில் வண்டிகளின் மின்வேலை பார்க்கும் வயர்மேன் கடைக்காரர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "கதவுல வேற எதாச்சும் கோளாறு பண்ணுதா, தம்பி?" யோசித்துப் பார்த்தபோது, பின்பக்க வைப்பரைப் போட்டால் எண்பலகை விளக்கு மங்குவது நினைவுக்கு வந்தது. விளக்குக்கும் வைப்பருக்கும் பூட்டுக்கும் போகும் மின்சாரம் கதவிலிருந்து ஒரே எர்த் கம்பி வழியாகத்தான் வண்டியின் உடலுக்குத் திரும்புகிறது என்றும், கம்பி நலிந்திருந்தால் ஒன்று இழுக்கும் மின்சாரம் மற்றதைப் பட்டினி போடும் என்றும் அவர் விளக்கினார். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கதவின் எர்த் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையிலும் வைத்து, வைப்பரை ஓடவிட்டார். 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாத இடத்தில் 3 வோல்ட் காட்டியது. வைப்பரை நிறுத்திவிட்டு அதே கம்பியின் மின்தடையை அளந்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தது. ஓரிரு செம்பு இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மின்தடை அளவில் கம்பி நன்றாகவே தெரியும். வைப்பர் போன்ற மின்சுமையை ஓடவிட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் விலையுயர்ந்த பாகத்தை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கூரைக்கும் கதவுக்கும் இடையே, கீலுக்குப் பக்கத்தில் உள்ள மடிப்பு ரப்பர் உறையை அவர் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே எர்த் கம்பியின் உறை வளையமாக வெடித்து, பச்சை பூத்த மூன்று இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைக் காடு என்பதால் நான் எலியைத்தான் சந்தேகித்திருந்தேன். எலி கடித்தால் உறை சுரண்டப்பட்டுப் பல் தடம் இருக்கும். இது கதவு திறக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி இற்றுப்போனது. மடங்கும் பகுதியில் இருந்த கம்பிகளில் ஆறை வெட்டியெடுத்து, மெல்லிய இழைகள் கொண்ட மென்மையான கம்பிகளைப் போட்டு, இணைப்புகள் எல்லாவற்றையும் மடிப்புக்கு வெளியே முன்னும் பின்னுமாக வைத்து அழுத்திப் பொருத்தினார். ஈயம் வைத்து ஒட்டலாமே என்றேன். "ஈயம் வெச்சா அந்த இடம் கட்டையாயிடும், அடுத்தது அதுக்குப் பக்கத்துல உடையும்," என்றார். கூலியோடு 220 ரிங்கிட் ஆனது.

மூன்றாவது பழுதை நானே கண்டுபிடித்தேன். மழை நாள்களில் மூடும் கதவு பாதியிலேயே திரும்பியது. இரண்டு பக்க விளிம்புப் பட்டைகளின் மின்தடையையும் ஒப்பிட்டு அளந்தேன். வலப்பக்கம் எண் அசையாமல் நின்றது, இடப்பக்கம் இணைப்பைத் தொட்டாலே ஏறி இறங்கியது. இணைப்புக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. உலர்த்திச் சுத்தம் செய்த பின் அந்தத் தொல்லை வரவில்லை.

இதைச் செய்து பார்க்க விரும்புவோர் முதலில் கதவுக்கு உறுதியான கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கூரை ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் வண்டிகளில், அங்குள்ள உள்மூடிகளைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்மின் முனை இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பர் உறையைத் தள்ளிப் பார்க்கிறேன். மாற்றிய ஆறு கம்பிகளிலும் வெடிப்பு இல்லை. அன்று நன்றாக இருக்கிறதென்று விட்டுவைத்த பின்கண்ணாடி சூடேற்றும் கம்பியின் மேல்தோல் மட்டும் மடிப்பில் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. தீபாவளி ஆர்டர்கள் குவிவதற்குள் அதையும் மாற்றிவிட வயர்மேனிடம் நாள் கேட்டிருக்கிறேன்.