டவுன் ஹால் ரோட்டு மாடிக் கடையில் பழைய கம்ப்யூட்டருக்கு வைரஸ் நீக்கம்

பழைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று போய் நின்றால், பெரும்பாலான கடைகளில் ‘ஃபார்மேட் அடித்துவிடலாம்’ என்ற பதில்தான் வருகிறது. மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிய பலகையோடு மாடியில் இயங்கும் சிறிய கடையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். வைரஸ் எந்த வழியாக வந்தது என்று பார்த்த பிறகுதான் அங்கே துடைக்கும் வேலையைத் தொடங்குகிறார்கள்.

நாங்கள் கொண்டுபோனது, ஏதோ ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ். மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். செகண்ட் ஹேண்டாக விற்றவர் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்திருந்தார். திருநகரில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்கும், உறுப்பினர்களின் ஆதார் நகல்களும், கடன் விண்ணப்பங்களும் அதில்தான் இருந்தன. பென்டிரைவைச் செருகினால் அதிலுள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தன. மற்ற இணையதளங்கள் வழக்கம்போல் திறந்தாலும், ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவே இல்லை.

கடைத் தம்பி கணினியை ஆன் செய்வதற்கு முன்பே, “அக்கா, எந்தெந்த ஃபைல் போனா உங்களுக்குக் கஷ்டம்னு முதல்ல சொல்லுங்க” என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இதில் பேங்க் பாஸ்வேர்டு அடித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. கீபோர்டில் அடிப்பதையெல்லாம் பதிவு செய்து வெளியே அனுப்பும் வைரஸ்களும் இருப்பதால், பாஸ்வேர்டுகளை இந்தக் கணினியில் அல்லாமல் செல்போனிலிருந்து உடனே மாற்றச் சொன்னார். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்றார். வேலைக்குக் கூலி வாங்கும் ஒருவர் இவ்வளவு கேட்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

பிறகு இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸைத் தொடாமல், பென்டிரைவில் இருந்த மீட்பு மென்பொருள் வழியாகக் கணினியை இயக்கி ஸ்கேன் செய்தார். விண்டோஸ் ஓடும்போது வைரஸும் கூடவே ஓடி ஒளிந்துகொள்ளும் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பதுதான் நம்பகமான முறை. ஸ்கேன் முடிந்ததும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறிய ஃபைலை நோட்பேடு போன்ற ஒன்றில் திறந்து என் பக்கம் திரையைத் திருப்பினார். ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் 127.0.0.1 என்ற எண் இருந்தது. அந்தத் தளங்களைத் தேடும் கணினி வெளியே போகாமல் தன்னிடமே திரும்பி வரும்படி செய்யும் ஏற்பாடு அது.

மூலகாரணம், விண்டோஸை உரிமம் இல்லாமல் இயக்குவதற்காக விற்றவர் போட்டிருந்த ஆக்டிவேட்டர். இத்தகைய கிராக் மென்பொருள்கள் வேலை செய்யப் பெரும்பாலும் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தியாக வேண்டும். அந்த இடைவெளியில் எதுவும் நுழையலாம். வாங்குபவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இதைப் போட்டு விற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது, ஏனென்றால் பாதிக்கப்படுவது விலை குறைவு என்பதற்காகப் பழையதை வாங்கும் குடும்பங்களும் எங்களைப் போன்ற சிறு குழுக்களும்தான்.

பென்டிரைவில் எங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டுத்தான் இருந்தன. அவற்றை ‘அட்ரிப்’ என்ற கட்டளையால் வெளியே கொண்டுவந்தார். எக்செல், வேர்டு, படங்கள் ஆகியவற்றை மட்டும் சோதித்து வேறு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, வைரஸ் ஒட்டியிருக்கக்கூடிய, இஎக்ஸ்இ என்று முடியும் புரோகிராம் ஃபைல் எதையும் எடுக்காமல், சி டிரைவோடு டி டிரைவையும் சேர்த்து முழுவதுமாக அழித்தார். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்துவிட்டு டி டிரைவை அப்படியே விடுவதால்தான் பல வீடுகளில் அதே வைரஸ் மறுபடியும் தலைகாட்டுகிறது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இவ்வளவு பழைய பிராசஸரில் மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. இதையெல்லாம் விளக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். அது இலவசம், 4 ஜிபி ரேமுக்குத் தாராளமாகப் போதும். எக்செல், வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் எங்கள் கணக்குத் தாள்கள் திறக்கின்றன. தமிழ் 99 முறையில் தட்டச்சும் செய்ய முடிகிறது. பழைய பாமினி எழுத்துரு ஃபைல்களுக்காக அந்த எழுத்துருவையும் நினைவாக ஏற்றியிருந்தார்.

கூலி 900 ரூபாய் வாங்கினார்கள். செய்த வேலைக்கு இது நியாயமே. குறைகளும் உண்டு. என்னென்ன செய்தார்கள் என்று எழுதிய பில் தருவதில்லை, துண்டுச் சீட்டில் தொகை மட்டும் இருக்கும். படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் சிபியுவைத் தூக்கிச் செல்ல ஆள் துணை வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு லினக்ஸ் சரிப்படாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரிண்டரின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. சில பழைய பிரிண்டர்கள் லினக்ஸில் எளிதில் இயங்குவதில்லை.