ரவர் பற்றரியும் கச்சான் காற்றும்: ஏழு வருட அனுபவம்

மட்டக்களப்புப் பெரியகல்லாற்றில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கொம்பியூட்டர், ஒரு றூட்டர், விசிறி, லைற், அவ்வளவுதான் பற்றரியில் ஓடும். கொப்பி மெஷினை அதில் போடுவதில்லை, சூடாகும்போது அது இழுக்கிற இழுவை தனிக்கதை. இந்த ஏழு வருடத்தில் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் வைக்கிற மாதிரியான, கனெக்சன் முன்பக்கம் வருகிற நீளப் பற்றரிகளில் (ரவர் பற்றரி என்போம்) இரண்டு செற் பார்த்துவிட்டேன். முதலாவதை நானே கொன்றேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2018இல் பழைய சாமான் வாங்கி விற்கிற ஒருவரிடம் 12 வோல்ற் 100 ஏஎச் (அம்பியர் மணி, கொள்ளளவு) பற்றரி நாலு எடுத்தேன், தொடரில் மாட்டினால் 48 வோல்ற். மீற்றர் வைத்துப் பார்த்தால் நாலும் 12.7க்கு மேலே காட்டியது, எனக்குப் பரம சந்தோசம். அந்த மீற்றர் கணக்கு ஒன்றுக்கும் உதவாது என்று பிறகுதான் விளங்கியது. லோட் கொடுக்காமல் பார்த்தால் செத்த பற்றரியும் உயிரோடு இருப்பது போலத்தான் தெரியும். லோட் போட்டுப் பத்து நிமிசத்தில் ஒன்று மட்டும் 10.5க்கு விழுந்தது. அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்வேர்ட்டர் தண்ணீர் ஊற்றுகிற பற்றரிக்கான செற்றிங்கில் இருந்தது. அதில் சார்ஜ் 58 வோல்ற் வரை ஏறும். இவை மூடின பற்றரி, தண்ணீர் ஊற்ற வழியே கிடையாது. அதிகமாக ஏற்றினால் உள்ளே உள்ள கொஞ்ச ஈரமும் வாயுவாகிப் போகும், காய்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் கூடக் கரண்ட் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும். 2019 ஆடி மாதம், கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற நேரம், கடைக்குப் பின்னால் தகரம் போட்ட அறை. மத்தியானம் திறந்தால் கூழ்முட்டை நாற்றம். ஒரு பற்றரி பக்கவாட்டில் வயிறு ஊதி நிற்கிறது.

நல்ல காலம், உள்ளே போய் சுவிட்சைத் தட்டவில்லை. வெளியே இருந்த மெயினை விழுத்திவிட்டு, கதவு யன்னலைத் திறந்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். இப்படி அதிகமாகச் சார்ஜ் ஏறும்போது ஐதரசனும் வரும், அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆறும் வரைக்கும், கிட்டத்தட்ட அரை நாள், ஒருவரையும் கிட்டப் போக விடவில்லை.

மச்சான் ஒருவர் கோபுரப் பராமரிப்பு வேலை செய்கிறவர். அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் ஏசிக்குள்ள வளர்ந்த பிள்ளைகள் மச்சான், உன்ட தகரக் கொட்டிலுக்குள்ள தாங்குமா?" என்றார். பற்றரியில் பத்து வருட ஆயுள் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 20, 25 பாகை வெப்பத்துக்கான கணக்கு. அதற்கு மேலே எட்டுப் பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். நம்மட ஊரில் 25 பாகை என்றால் மார்கழி விடியற்காலைதான். ஆக, கரண்ட் கட்டால் பற்றரி கெடுகிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, பாதிக் கொலையை வெக்கை செய்து முடித்திருக்கும்.

2020 ஆரம்பத்தில் புது செற் வாங்கினேன், நாலும் ஒரே திகதியில் செய்தவை. பழையதில் நல்லது இரண்டைச் சேர்க்கலாமே என்று கேட்டதற்கு மச்சான் ஏசினார். தொடரில் மாட்டும்போது ஒன்று சோர்ந்தால் மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஆகும், கடைசியில் நாலும் போகும். இந்த முறை தகர அறை வேண்டாமென்று கடைக்குள்ளேயே வடக்குச் சுவரோரம் வைத்தேன், வெயில் படாது. மாரியில் வெள்ளம் வரும் என்பதால் கல் கட்டி இரண்டு அடி உயரம். ஒன்றுக்கொன்று நடுவில் ஒரு விரல் இடைவெளி.

சார்ஜ் செற்றிங்தான் முக்கியம். மூடின ஈயப் பற்றரி நிரம்பிய பிறகு சார்ஜ் எப்போதும் நிற்கிற வோல்ற், உள்ளே இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் 2.25, 2.27 அளவில் இருக்க வேண்டும். 48 வோல்றுக்கு 24 செல், அதாவது 54 முதல் 54.5. இது 25 பாகைக்கு. ஒவ்வொரு பாகை கூடும்போதும் செல்லுக்கு சுமார் 3 மில்லி வோல்ற் குறைக்க வேண்டும், 35 பாகை என்றால் முக்கால் வோல்ற் அளவு குறைகிறது. என்னுடைய இன்வேர்ட்டரில் வெப்பம் பார்க்கிற வயர் கிடையாது, அதனால் சித்திரை பிறந்தால் கையாலேயே 53.5க்கு இறக்கிவிடுவேன், மாரி தொடங்கினால் 54.2. சோம்பேறித்தனமான வழிதான், ஆனால் வேலை செய்தது. உங்கள் பற்றரியின் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பிடியுங்கள்.

ஸ்பனர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கனெக்சன் இறுக்கும்போது கை நழுவி ஸ்பனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. ஒரு நொடிதான், டமார் என்று வெள்ளை வெளிச்சம், ஸ்பனரின் நுனி உருகிப்போய் இருந்தது. 12 வோல்ற்தானே என்று நினைப்போம், ஆனால் இந்தப் பற்றரியின் உள்தடை சில மில்லி ஓம்தான், 12ஐ அதால் வகுத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் அம்பியர் வரும். அன்றிலிருந்து ஸ்பனருக்கு நுனி தவிர முழுக்க இன்சுலேசன் ரேப், மோதிரம் மணிக்கூடு எல்லாம் லாச்சிக்குள், முன் மூடி கழற்றினால் வேலை முடிந்த உடனே திரும்பப் பூட்டுவது. நடுவில் டிசிக்கு என்றே செய்த பிரேக்கர் போட்டேன். வீட்டு ஏசி பிரேக்கர் போடாதீர்கள், டிசி பொறியை அதனால் அணைக்க முடியாமல் போகலாம். கடல் ஒரு பக்கம் வாவி ஒரு பக்கம் என்பதால் முனைகளில் பச்சை பூக்கும், துடைத்து வாசலின் பூசினால் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலையும் தனித்தனியாக அளந்து கொப்பியில் எழுதுவேன். ஒன்று 13.9, ஒன்று 13.1 என்று பிரிந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை 100 வாட் குண்டு பல்ப் நாலு போட்டு, கிட்டத்தட்ட 10 அம்பியர், 43.2 வோல்றுக்கு இறங்கும்வரை நேரம் பார்ப்பேன். முதல் வருடம் ஒன்பதே கால் மணித்தியாலம். 2022 முடியும்போது ஏழு மணித்தியாலம்.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அதுதான் காரணம். இந்த வகைப் பற்றரி எப்போதாவது கரண்ட் போனால் தாங்குவதற்காகச் செய்தது, தினமும் அடிவரைக்கும் இறக்குவதற்கு அல்ல. முழுக்க இறக்கினால் திரும்ப நிரம்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேற் படிந்து இறுகும். கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றச் சொல்லுவார்கள். நான் மாற்றவில்லை, அப்போது இருந்த விலையில் எங்கே மாற்றுவது? 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிறு, போன் சார்ஜ் போட வந்தவர்களையும் சேர்த்துச் சமாளித்தது, ஆனால் மூன்றரை மணித்தியாலத்தில் இன்வேர்ட்டர் கூவத் தொடங்கியது.

அதற்குப் பிறகு லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றரி ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பு நாலும் சேர்த்து 120 கிலோவுக்கு மேல், இது ஒரே பெட்டி, இரண்டு பேர் லேசாகத் தூக்கலாம். இன்வேர்ட்டரில் சமப்படுத்தும் சார்ஜை (ஈயப் பற்றரிக்காக இடைக்கிடை வோல்றைக் கூட்டி ஏற்றுவது) நிறுத்திவிட்டுத்தான் மாட்டினேன். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிறகு எழுதுகிறேன்.

பழைய நாலும் கடைக்கு வெளியே கிடந்தபோது ஒருவர் வந்து, வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் வேண்டும், உடைத்து எடுக்கட்டா என்று கேட்டார். வளவுக்குள் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற இடத்தில் ஈயம் உருக்குகிற வேலை வேண்டாம் அண்ணன் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே பழைய பற்றரி எடுக்கிற கடையில் முழுசாகக் கொடுத்தேன். அவர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.