மேல ஐஸ், கீழ திரிஞ்ச பால்: எங்க வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ்

டோம்பிவிலிக்கு புது வீடு போற ஃப்ரெண்டு கேட்டா, நீ வச்சிருக்கற அதே மாடல் இப்ப ஆஃபர்ல வெலை கொறைஞ்சிருக்கே, வாங்கட்டுமான்னு. வாட்ஸப்ல ஒரு வரில சொல்ற விஷயம் இல்ல, அதான் விலாவாரியா எழுதறேன்.

கூலிங்ல குறையே சொல்ல முடியாது. மும்பை செம்பூர்ல மே மாச புழுக்கத்துலயும் கொத்தமல்லி வாடாது, சத்தம் கிடையாது, கரண்ட் பில்லும் ஏறல. என் கோவம் மொத்தமும் அந்த டீஃப்ராஸ்ட் மேலதான், அதாவது உள்ள படியற ஐஸ தானா உருக்கற ஏற்பாடு.

மழை ஆரம்பிச்சா தொல்லை வந்துடும். மேல ஃப்ரீஸர்ல பட்டாணி கல்லாட்டம் இருக்கும், கீழ பால் காலைல திரிஞ்சு நிக்கும், இட்லி மாவு விடியறதுக்குள்ள புளிச்சுப் பொங்கி டப்பா மூடியத் தள்ளிடும். வந்த மெக்கானிக் பின் பேனலைக் கழட்டிக்கூட பாக்கல, கதவத் தொறந்தார், "கேஸ் கதம் ஹோ கயா", கேஸ் தீந்துபோச்சுன்னார், ஆயிரக்கணக்குல ரேட் சொன்னார். எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! கேஸ் தீந்துபோனா ஃப்ரீஸரும் இல்ல சொதப்பணும்?

ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோர்ல பெரும்பாலும் கூலிங் காயில் ஒண்ணுதான், ஃப்ரீஸரோட பின் பேனலுக்குப் பின்னாடி. அங்க இருக்கற ஃபேன்தான் குளிர்காத்த கீழ அனுப்புது. கதவத் தொறக்கறப்பல்லாம் ஈரக்காத்து உள்ள போய் காயில்ல பனியா படியும், மும்பை மழைல கேக்கவே வேணாம். பழைய டைமர் டைப்ல கம்ப்ரஸர் ஒரு 8-12 மணி நேரம் ஓடினதும் டைமர் அத நிறுத்தி ஹீட்டரப் போடும், உருகின தண்ணி டிரெய்ன் ஓட்டை வழியா பின்னாடி தட்டுக்குப் போய் காஞ்சிடும். புது மாடல்ல டைமர் வேலைய எலக்ட்ரானிக் போர்டு பாத்துக்கும். ஹீட்டர், பைமெட்டல் (குளிர்ந்தா சேர்ந்து ஹீட்டருக்கு கரண்ட் விடற ஸ்விட்ச்), ஃப்யூஸ், டைமர், இதுல ஏதாவது ஒண்ணு போனாலும் ஐஸ் ஏறி காத்து போற வழிய அடைச்சிடும். மேல ஜில்லுன்னு இருக்கும், கீழ ஒண்ணும் வராது.

மாட்டுங்கால தெரிஞ்சவங்க அனுப்பின தமிழ்க்காரர்தான் பேனலக் கழட்டினார், காயிலே தெரியாத அளவுக்கு ஐஸ். அது உறைஞ்சு இருக்கறப்பவே பைமெட்டல்ல மீட்டர் வச்சார், கனெக்ஷன் காட்டல. இது முக்கியம்ங்க, பைமெட்டல வெளிய எடுத்து வச்சு செக் பண்ணா நல்லதுகூட கனெக்ஷன் காட்டாது, நல்லா குளிர்ந்தாதான் சேரும், அது தெரியாம நல்ல பார்ட்ட தூக்கிப் போடறவங்க உண்டு. மாத்தினதுக்கு சில நூறு ரூபாதான் ஆச்சு. கம்பெனி சர்வீஸ்ல கேட்டதுக்கு தனியா தர மாட்டோம், ஹீட்டரோட செட்டாத்தான்னாங்க, எவ்வளவு அநியாயம்!

உங்க வீட்ல இப்படி ஆனா, மெக்கானிக்க கூப்பிடறதுக்கு முன்னாடி சாமான எடுத்துட்டு, ப்ளக்கப் பிடுங்கி, கதவத் தொறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க. திரும்பப் போட்டதும் சில நாள் நல்லா ஓடி மறுபடி கீழ குளிர் விட்டா அனேகமா டீஃப்ராஸ்ட் கோளாறுதான், கேஸ்னு யார் சொன்னாலும் காசு குடுக்காதீங்க. கத்தி வச்சு ஐஸக் குத்தவே குத்தாதீங்க, காயில் ஓட்டையானா நெசமாவே கேஸ் போயிடும், அதுவும் இப்ப நெறைய ஃப்ரிட்ஜ்ல இருக்கற ஆர்600ஏ தீப்பிடிக்கற கேஸ்.

ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டேன், வாங்காதடி, ரெண்டு பேருக்கு இந்த ஆட்டோ டீஃப்ராஸ்ட் எல்லாம் இல்லாத டைரக்ட் கூல் சிங்கிள் டோர் போதும், பட்டன அமுக்கினா ஐஸ் உருகிடும், ஒருத்தரையும் கெஞ்ச வேணாம்னு. அப்ப நீ உன்னோடத வித்துடுவியான்னா. விக்க மாட்டேன். இந்தக் கூலிங்குக்கு பழகினப்புறம் வேற எதுவும் எனக்குப் பிடிக்காது.